பெங்களூரு – டொரோண்டோ, 21 மாதப் பையன், நான் ஒருத்தி: எந்த வழியாகப் போவது?

அல்சூர் அம்மா

வணக்கம். வீட்டுக்காரர் வேலை விஷயமாக டொரோண்டோ போய்விட்டார். ஜூன் மாதம் நானும் பையனும் போகிறோம், நான்கு மாதம் இருந்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். பையனுக்கு அப்போது 21 மாதம் ஆகியிருக்கும். எடை பதினொன்றரை கிலோ. நடை என்பதே கிடையாது, ஓட்டம்தான். மாமியார் துணைக்கு வருவதாக இருந்தது, முட்டி வலியால் இப்போது முடியாது என்றாகிவிட்டது.

டிக்கெட் இன்னும் போடவில்லை. துபாய் வழி ஒன்று, ஃபிராங்க்ஃபர்ட் வழி ஒன்று இருக்கிறது, விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. டிராவல்ஸ்காரர் துபாய் வழிதான் நல்லது, முதல் விமானம் நாலே மணி நேரம், குழந்தைக்குச் சிரமம் இல்லை என்கிறார். அல்சூரிலிருந்து மல்லேஸ்வரத்துக்கு ஆட்டோவில் போனாலே பாதி வழியில் இறங்கணும் என்று அடம்பிடிக்கிற பையன் இவன், இவனை இருபது மணி நேரத்துக்கு மேல் எப்படி உட்கார வைப்பது என்று நினைத்தால் ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

பேசினெட், அதாவது முன்வரிசைச் சுவரில் மாட்டித் தருகிற குழந்தைத் தொட்டில், கேட்கலாமா? தனி சீட் வாங்கணுமா, மடியிலேயே வைத்துக்கொள்ளலாமா? நான் பாத்ரூம் போனால் இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்? அப்புறம் இன்னொன்று, என் அக்கா சளி மருந்து அரை மூடி கொடுத்துவிடு, தூங்கிவிடுவான் என்கிறாள். யாராவது அப்படிச் செய்திருக்கிறீர்களா?


ஒயிட்ஃபீல்ட் அக்கா

முதலில் வழியைப் பேசுவோம், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். உங்கள் டிராவல்ஸ்காரர் மணிக்கணக்கை மட்டும் பார்க்கிறார், பையன் தூங்கும் நேரத்தைப் பார்க்கவில்லை. ராத்திரி ஒன்பது மணி வாக்கில் இங்கே ஏறினால், குழந்தை புது இடத்தைப் பார்த்துக் குதித்து ஓய்ந்து பதினோரு மணிக்குத்தான் கண் அசரும். நம் நேரம் ஒரு மணிக்கு துபாய் வந்துவிடும். தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தோளில் பை, கையில் பாஸ்போர்ட், அவ்வளவு பெரிய விமான நிலையத்தில் அடுத்த கேட் தேடி நடக்கணும். பாதித் தூக்கத்தில் எழுந்த பிள்ளை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மேல் துபாயிலிருந்து டொரோண்டோவுக்கு ஒரே மூச்சாகப் பதினாலு மணி நேரம்.

ஃபிராங்க்ஃபர்ட் வழியில் பயணம் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரிகிறது, ஒன்பது பத்து மணி நேரம் ஒன்று, எட்டரை ஒன்பது மணி நேரம் இன்னொன்று. இங்கிருந்து ஐரோப்பா போகும் விமானங்களில் பல நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. அது அசௌகரியம் மாதிரி தெரியும், ஆனால் உங்களுக்கு அதுதான் வசதி. சாயங்காலம் அவனைத் தூங்க விடாதீர்கள், விமான நிலையத்திலும் உட்கார வைக்காதீர்கள். டெர்மினல் 2-ல் உள்ளேயே தோட்டம், செடி, கூரை முழுக்க மூங்கில் என்று அவன் பார்க்க நிறைய இருக்கிறது, ஓட விடுங்கள். ஏறி ஒரு மணி நேரத்தில் விழுந்துவிடுவான். ஃபிராங்க்ஃபர்ட்டில் காலையில் இறங்கும்போது ஒரு முழுத் தூக்கம் முடிந்திருக்கும். அங்கே மூணு மணி நேரமாவது இடைவெளி இருக்கிற டிக்கெட்டாகப் பாருங்கள், குறைவாக இருந்தால் வேண்டாம். இந்தியாவிலிருந்து வந்தவர்களை அங்கே மறுபடி பாதுகாப்புச் சோதனை செய்துதான் அடுத்த விமானத்துக்கு விடுவார்கள், வரிசை நீளமாக இருக்கும்.

ஒன்றை மட்டும் எதிர்பாருங்கள். விமானம் கிளம்பி ஒரு மணி நேரத்தில், நடு ராத்திரி என்றும் பார்க்காமல், விளக்கைப் போட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு சாப்பாடு கொண்டுவருவார்கள். அவன் அப்போதுதான் தூங்கியிருப்பான். ஏறும்போதே பணிப்பெண்ணிடம் எங்களை எழுப்ப வேண்டாம், தட்டை அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். மேலே ஒரு மெல்லிய துப்பட்டா போட்டு வெளிச்சத்தை மறையுங்கள், மூக்கு வாய் மட்டும் திறந்து இருக்கட்டும்.

பேசினெட் உங்களுக்குப் பிரயோஜனம் இல்லை. விமான நிறுவனத்துக்கு ஏற்ப எடை வரம்பு பத்திலிருந்து பதினாலு கிலோ வரை மாறும், ஆனால் எடையை விட நீளம்தான் இடிக்கும். 21 மாதப் பையன் காலை நீட்டினால் வெளியே வந்துவிடும். சீட் பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்குகிற பிள்ளையை அதிலிருந்து எடுத்தே ஆகணும். அந்த முன்வரிசையில் கைப்பிடியைத் தூக்கவும் முடியாது, சாப்பாட்டுப் பலகை அதற்குள்தான் மடித்து வைத்திருப்பார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் காலடியில் பை வைக்க விடமாட்டார்கள், டயப்பர் உட்பட எல்லாம் மேலே போய்விடும். நான் ஜன்னல் சீட்டைத்தான் சொல்வேன்.


ஃபில்டர் காபி

எனக்குக் குழந்தை இல்லை, வேலைக்காக அடிக்கடி இந்த வழியில் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். குழந்தை அழுவது எங்களுக்குப் பெரிய விஷயம் இல்லை, காதில் பஞ்சு வைத்துக்கொள்வோம். பின்னால் உட்கார்ந்து சீட்டை உதைப்பதுதான் தாங்க முடியாதது. மடியில் இருக்கிற குழந்தையின் கால் சரியாக முன் சீட்டின் முதுகில்தான் இருக்கும். அதனால் பேசினெட் வேண்டாம் என்றாலும் அந்த முன்வரிசையையே கேளுங்கள், எதிரே சுவர்தான், எவ்வளவு வேண்டுமானாலும் உதைக்கட்டும். கீழே நிற்கவும் கொஞ்சம் இடம் இருக்கும். ஒயிட்ஃபீல்ட் அக்கா சொல்கிற குறைகள் எல்லாம் உண்மைதான், இருந்தாலும் தனியாகப் போகிற அம்மாவுக்கு அந்த இரண்டடித் தரை பெரிய சொத்து.

வேறு வரிசைதான் கிடைத்தது என்றால் ஷூவையாவது கழற்றிவிடுங்கள்.


ஒயிட்ஃபீல்ட் அக்கா

அந்தத் தரை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பக்கத்திலேயே பாத்ரூம், பக்கத்திலேயே மற்ற கைக்குழந்தைகள். ஒன்று ஆரம்பித்தால் மூன்றும் சேர்ந்து பாடும். அல்சூர் அம்மாவின் பையன் எப்படித் தூங்குகிறான் என்று அவருக்குத்தான் தெரியும், லேசான தூக்கம் என்றால் ஜன்னல்தான்.


குழந்தைகள் வார்டு நர்ஸ்

அந்த சளி மருந்து யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிடும்படி 2023 டிசம்பரில் நம் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவு போட்டது. நம் வீடுகளில் பொதுவாக இருக்கிற சிரப்புகளில் பல அந்த வகைதான். தூக்கம் வருகிற வேறு அலர்ஜி மருந்துகளும் வேண்டாம். மூச்சு மந்தமாகிற ஆபத்து ஒரு பக்கம். சில குழந்தைகளுக்கு நேர்மாறாக வேலை செய்து, தூங்குவதற்குப் பதிலாகத் துள்ள ஆரம்பித்துவிடும் என்பது இன்னொரு பக்கம், முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் அதைக் கண்டுபிடிக்க வேண்டாம். வசம்பு, பிராந்தி என்று பெரியவர்கள் ஏதாவது சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

காது வலிதான் நீங்கள் நிஜமாகத் தயாராக வேண்டியது. ஏறும்போதை விட இறங்கும்போதுதான் வலிக்கும். மேலே போகும்போது நடுக்காதில் இருக்கிற காற்று தானாக வெளியேறிவிடும், கீழே வரும்போது காற்று உள்ளே போகணும், மூக்குக்கும் காதுக்கும் நடுவே இருக்கிற குழாய் சின்னப் பிள்ளைகளுக்குக் குறுகல், சட்டென்று திறக்காது. விழுங்கினால் திறக்கும். தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே இறக்கம் தொடங்கிவிடும். அப்போது தூங்கிக்கொண்டிருந்தால் மெதுவாக எழுப்பி உறிஞ்சிக் குடிக்கிற கப்பிலோ ஸ்ட்ராவிலோ கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் அதை விட நல்லது எதுவும் இல்லை. முன்கூட்டியே எல்லாவற்றையும் குடிக்க வைத்துவிட்டால் வேண்டிய நேரத்தில் வாயைத் திறக்கமாட்டான், அதைக் கவனியுங்கள்.

கேபினுக்குள் காற்றழுத்தம் ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பது போலத்தான் இருக்கும், ஊட்டியில் உட்கார்ந்திருப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் ரொம்பக் குறைவு, இருபது சதவீதத்துக்கும் கீழே போகும். மூக்கு காய்ந்து அடைத்துக்கொள்ளும், அதனாலும் பிள்ளைகள் சிணுங்குவார்கள். உப்புத் தண்ணீர் மூக்குச் சொட்டு மருந்து ஒன்று வாங்கிக் கைப்பையில் போடுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காதைக் காட்டுங்கள், சளி இருந்தாலோ காதில் சீழ் இருந்தாலோ அவர் சொல்வார். பாரசிட்டமால் சிரப் அவன் எடைக்கு எத்தனை மில்லி என்று அவரையே ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தச் சீட்டும் பாட்டிலும் ஒன்றாகவே இருக்கட்டும்.


ஹெப்பால் அப்பா

மற்றவர்கள் தொடாத விஷயம் ஒன்று, திரும்பி வரும் டிக்கெட். இரண்டு வயது முடியாத குழந்தைக்கு மடியில் வைத்துப் போக, வெளிநாட்டு விமானங்களில் பொதுவாகப் பெரியவர் கட்டணத்தில் பத்து சதவீதம் மாதிரி வாங்குவார்கள். இரண்டாவது பிறந்தநாளிலிருந்து தனி சீட் கட்டாயம், கட்டணம் பெரியவருக்கு ஆகிறதில் முக்கால் பங்கு போல வரும். உங்கள் கணக்குப்படி திரும்பும்போது அவனுக்கு 25 மாதம். அதனால் போகும்போது மடி, வரும்போது சீட் என்று இரண்டு விதமாகப் போட வேண்டியிருக்கும். பல இணையதளங்களில் இதை ஒரே டிக்கெட்டாகப் போட முடியாது, விமான நிறுவனத்துக்கே போன் செய்யணும். டிராவல்ஸ்காரர் இரு பக்கமும் மடிக்குழந்தை என்று போட்டுவிட்டார் என்றால் டொரோண்டோ கவுண்டரில் நின்று அன்றைய விலைக்கு சீட் வாங்கவேண்டி வரும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கையில் பணம் இருந்தால் போகும்போதே தனி சீட் வாங்கலாம், இரண்டுக்குக் கீழே என்றாலும் கேட்டால் தருவார்கள். பதினொன்றரை கிலோ எட்டு மணி நேரம் மடியில் என்றால் தொடை மரத்துப்போகும், நீங்கள் சாப்பிடவும் முடியாது. சீட் இருந்தால் கேர்ஸ் என்கிற வார்ப்பட்டை ஒன்று இருக்கிறது, அமெரிக்க விமானத் துறை அங்கீகரித்தது, பத்திலிருந்து இருபது கிலோ வரை உள்ள பிள்ளைகளுக்கு. சீட்டின் முதுகைச் சுற்றி மாட்டிவிட்டால் நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொள்ளும், கார் சீட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். உங்கள் விமான நிறுவனம் அதை ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

காகிதங்கள். நீங்கள் மட்டும் குழந்தையோடு போவதால் கணவரிடம் ஒரு சம்மதக் கடிதம் எழுதி வாங்கி, நோட்டரி கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். கனடா அரசே அப்படி ஒன்று வைத்திருக்கச் சொல்கிறது, எல்லையில் கேட்டாலும் கேட்பார்கள். நம்மவர்களுக்கு இனிஷியல் தொல்லை வேறு இருக்கிறதே. குழந்தை பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கும், அம்மா பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர் இருக்கும், பார்க்கிறவருக்கு இரண்டு பேரும் உறவே இல்லாதவர்கள் மாதிரி தெரியும். பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயரும் அவன் பெயரும் இருக்கிறதல்லவா, அந்த அசலைக் கைப்பையிலேயே வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாற, செல்லுபடியாகிற கனடா விசா இருந்தால் தனியாக டிரான்சிட் விசா தேவையில்லை. ஆனால் ஒரே டிக்கெட்டாக, பெட்டி நேராக டொரோண்டோ போகிற மாதிரி இருக்கணும். மலிவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் போட்டு, பெட்டியை வெளியே போய் எடுக்கிற நிலை வந்தால் ஜெர்மனிக்குள் நுழைய வேண்டிய ஷெங்கன் விசா இல்லாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

தள்ளுவண்டியைக் கேட் வரை கொண்டுபோகலாம். செக்-இன் செய்யும்போது அதை ஃபிராங்க்ஃபர்ட் விமானக் கதவிலேயே தருவார்களா அல்லது டொரோண்டோவில்தானா என்று கேளுங்கள். எனக்கு ஒரு நிறுவனம் கதவில் தருகிறோம் என்று சொல்லிவிட்டு நேராகப் பெட்டிகளோடு அனுப்பிவிட்டது, இரண்டு கேட்டுக்கும் நடுவே ரயில் ஏறிப் போகிற தூரம், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். அதனால் தள்ளுவண்டி இருந்தாலும் நெஞ்சோடு கட்டிக்கொள்கிற குழந்தைப் பை ஒன்று கையில் இருக்கட்டும்.


பேத்தியைப் பார்க்கப் போகும் பாட்டி

மல்லேஸ்வரத்திலிருந்து எழுதுகிறேன்மா. மகள் அங்கே இருக்கிறாள், அவள் பிள்ளைகளோடு போய் வந்த பழக்கத்தில் சொல்கிறேன்.

பாத்ரூமுக்கு யாரையும் எதிர்பார்க்காதே. பணிப்பெண்கள் சிலர் ஆசையாக வாங்கிக்கொள்வார்கள், ஆனால் அது அவர்கள் வேலை இல்லை, சாப்பாடு கொடுக்கிற நேரத்தில் கேட்டால் முகம் சுளிப்பார்கள். பிள்ளையை அந்தப் பையில் முன்னால் கட்டிக்கொண்டே உள்ளே போய்விடு, சிரமம்தான், ஆனால் முடியும். அவனுக்கு மாட்டுகிற டயப்பர் வேண்டாம், ஜட்டி மாதிரி இழுத்துவிடுகிற டயப்பர் வாங்கு. அங்கே கமோடுக்கு மேலே ஒரு பலகை மடித்து வைத்திருப்பார்கள், கைக்குழந்தைக்கு அது சரி. ஓடுகிற பிள்ளை அதில் படுக்கமாட்டான். கமோடு மூடியை மூடி அதன் மேல் நிற்க வைத்து, உன் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி நின்றபடியே மாற்றிவிடலாம். ஏறுவதற்குச் சற்று முன்னால் ஒருமுறை மாற்றிவிட்டால் முதல் மூணு மணி நேரம் கவலை இல்லை. அவனுக்கு மாற்று உடுப்பு எல்லோரும் எடுத்துப்போவார்கள், உனக்கு ஒரு சுடிதார் டாப் எடுத்துக்கொள். அவன் வாந்தி எடுத்தால் அது உன் மேலேதான் விழும்.

சாப்பாடு. இட்லி நல்லது, ஆறிப்போனாலும் சாப்பிடலாம். ஆனால் மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவி எடுத்துப்போகாதே, எண்ணெய் வடிந்து சீட்டு, உடுப்பு, அவன் முடி வரைக்கும் மஞ்சளாகிவிடும். நெய்யும் சர்க்கரையும் தடவி, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி டப்பாவில் போடு. முதல் விமானத்தோடு தீர்த்துவிடு, அதற்கு மேல் வைத்திருந்தால் ஊசிப்போகும். இரண்டாவதற்கு சத்துமாவைக் காய்ச்சாமல் வறுத்த பொடியாகவே எடுத்துக்கொள், வெந்நீர் கேட்டால் தருவார்கள். டீ போடுகிற சூட்டில் கொதிக்கக் கொதிக்கத் தருவார்கள், பாதி குளிர்ந்த தண்ணீர் கலந்துகொள். பாத்ரூம் குழாய்த் தண்ணீரை மட்டும் எதற்கும் தொடாதே. தட்டை, முறுக்கு, வேர்க்கடலை, முழு திராட்சைப்பழம் எல்லாம் வேண்டாம், தொண்டையில் மாட்டினால் அங்கே டாக்டருக்கு எங்கே போவது.

குழந்தைக்கான பால், கஞ்சி எல்லாம் கைப்பையில் நூறு மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்கிற அந்தக் கணக்கில் வராது, வழிக்குத் தேவையான அளவு விடுவார்கள், தனியாக எடுத்துக் காட்டு. உனக்கு எடுத்துப்போகிற தண்ணீர் பாட்டிலைத்தான் ஃபிராங்க்ஃபர்ட்டில் கொட்டச் சொன்னாலும் சொல்வார்கள்.

பொம்மைக்குக் காசு செலவழிக்காதே. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் சத்தம் போடுகிற கார் ஒன்று வாங்கினோம், எல்லோரும் திரும்பிப் பார்த்ததுதான் மிச்சம், பேட்டரியைக் கழற்றி வைத்தோம். திருகு மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா இரண்டு எடுத்துக்கொள். உள்ளே நாலு அரிசிப் பொரி போட்டு மூடிக் கொடு. என் பேரன் நாக்கை ஒரு ஓரமாகத் துருத்திக்கொண்டு மூடியைத் திருகுவான், ஒரு பொரியை எடுத்து வாயில் போடுவான், மறுபடி மூடுவான், மீதி இருக்கிறதா என்று குலுக்கிப் பார்ப்பான். அரை மணி நேரம் அப்படியே போகும். அப்புறம் ஒட்டிப் பிரிக்கிற ஸ்டிக்கர் ஒரு கட்டு, ஜன்னலில் ஒட்டுவான், உன் மூக்கில் ஒட்டுவான். போனில் படம் காட்டினால் என்ன ஆகும் என்று யாராவது உபதேசம் செய்தால் அவர்களையே கூட வரச் சொல். காட்டு, ஆனால் முதலிலேயே காட்டாதே, எல்லாம் தீர்ந்த பிறகு காட்டு.


அல்சூர் அம்மா

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டிராவல்ஸ்காரருக்கு போன் செய்தேன், ஹெப்பால் அப்பா சொன்ன மாதிரியே இரு பக்கமும் மடிக்குழந்தை என்றுதான் போட இருந்தாராம், திரும்புகிற தேதியைச் சொன்னதும்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஃபிராங்க்ஃபர்ட் வழி என்று முடிவு செய்துவிட்டேன், அங்கே நாலு மணி நேரம் இடைவெளி. முன்வரிசையா ஜன்னலா என்பதுதான் இன்னும் குழப்பம். இவன் தூங்கினால் மேளம் அடித்தாலும் எழமாட்டான், ஆனால் விழித்திருக்கிற நேரத்தில் நிற்காமல் இருக்கவும் மாட்டான். அக்காவிடம் மருந்து விஷயத்தைச் சொன்னேன், கொஞ்சம் வருத்தம்.

இரண்டு சந்தேகம். எனக்குச் சைவச் சாப்பாடு வேண்டும், இந்து சாப்பாடு என்று ஒன்று பட்டியலில் இருக்கிறது, அதைப் போட்டுவிடலாமா? அங்கே போய்ச் சேர்ந்த பிறகு பகல் இரவு மாறிப்போவதை எப்படிச் சமாளிப்பது?


ஃபில்டர் காபி

இந்து சாப்பாடு போடாதீர்கள்! அது பெரும்பாலும் அசைவம், மாட்டிறைச்சி இருக்காது என்பதுதான் அதற்கு அர்த்தம், கோழியோ ஆட்டிறைச்சியோ வரும். ஆசிய சைவ உணவு என்று தனியாக இருக்கும், ஏவிஎம்எல் என்று குறிப்பிட்டிருப்பார்கள், அதுதான் நம் ஆட்களுக்கு. கிளம்புவதற்கு இருபத்துநாலு மணி நேரத்துக்கு முன்னால் சொல்லிவிடணும், குழந்தை உணவும் அதே மாதிரிதான். மேளம் அடித்தாலும் எழமாட்டான் என்றால் பேச்சே இல்லை, முன்வரிசை.


ஒயிட்ஃபீல்ட் அக்கா

சரி, இந்த முறை காபிக்காரருக்கே வெற்றி, முன்வரிசையைக் கேளுங்கள்.

பகல் இரவு விஷயம்: கோடையில் டொரோண்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். முதல் சில நாள் நடு ராத்திரி இரண்டு மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து பசி என்பான், ஏனென்றால் இங்கே அது மத்தியான நேரம். அந்த நேரத்தில் விளக்கைப் பெரிதாகப் போடாதீர்கள், விளையாட்டுச் சாமானும் வேண்டாம். ஏதாவது சாப்பிடக் கொடுத்து இருட்டிலேயே படுக்க வையுங்கள். விடிந்ததும் வெளியே வெயிலில் கூட்டிப்போங்கள், ஜூன் மாதம் அங்கே வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், அதனால் படுக்கை அறை ஜன்னலுக்கு கனமான திரை போட்டு வைக்கும்படி உங்கள் வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். மத்தியானத் தூக்கத்தை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், அழுதாலும் எழுப்பிவிடுங்கள். ஒரு வாரம், பத்து நாள் ஆகும். முதல் இரண்டு ராத்திரி அவரே விழித்திருந்து பார்த்துக்கொள்ளட்டும், இருபது மணி நேரம் நீங்கள் பார்த்தாயிற்றே.